சோலார் பூட்டும் சப் கொன்ட்ராக்ட்: மீற்றர் வந்த பிறகுதான் மிச்சக் காசாம், கையெழுத்து வைக்கலாமா?

தெஹிவளை_வயரிங்

வணக்கம். நானும் நாலு பொடியன்களும் வீட்டு வயரிங் செய்து வந்தோம், இப்போது சோலார் பக்கம் இறங்கியிருக்கிறோம். கொழும்பில் ஒரு கொம்பனி, தொடர்ந்து வேலை தருகிறோம் என்று ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. பனல், இன்வேர்ட்டர், ரெயில், கேபிள் எல்லாம் அவர்களுடையது. கூரையில் ரெயில் அடித்து, பனல் பூட்டி, டிசி ஏசி வயரிங் முடித்து, எர்த் போட்டுக் கொடுப்பது நாங்கள். கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு, ரேட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் மொத்தத்தில் 30 வீதம் நெட் மீற்றர் (வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீற்றர்) பூட்டி லைன் கொடுத்த பிறகுதான் தருவார்களாம். கூரைக்கு எந்தச் சேதம் வந்தாலும் எங்கள் செலவாம். ஐந்து வருடத்துக்கு 'வேலை சம்பந்தமான எல்லாக் குறைகளையும்' இலவசமாகத் திருத்திக் கொடுக்க வேண்டுமாம். 'எல்லா சப் கொன்ட்ராக்டரும் இதில்தான் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்' என்கிறார் மனேஜர். இந்தத் தொழிலில் இதுதான் வழமையா? எதைக் கேட்டு மாற்றலாம், எதைக் கேட்டால் வேலையே போய்விடும்?

கூரைமேல்_கொழும்பு6

தம்பி, முதலில் அந்த 30 வீதத்தைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. மீற்றர் வருவது உங்கள் கையிலும் இல்லை, கொம்பனி கையிலும் முழுதாக இல்லை. நுகேகொடைப் பக்கம் என்றால் லெக்கோ என்ற மின் விநியோகக் கொம்பனி வர வேண்டும், கொழும்பு நகரத்துக்குள் என்றால் அங்கே மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனம். விண்ணப்பத்தில் ஒரு கடுதாசி குறைந்தாலும், அந்த இடத்து ட்ரான்ஸ்போமரில் சோலாருக்கு இடம் இல்லை என்றாலும் ஃபைல் அப்படியே கிடக்கும். நீங்கள் பூட்டின பனலில் தூசி படிந்திருக்கும், பொடியன்களுக்குச் சம்பளம் கொடுக்க நீங்கள் கடன் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் வேலை எங்கே முடிகிறதோ அங்கேயே உங்கள் காசும் முடிய வேண்டும்.

அந்த முடிவு எது என்பதைப் பேப்பரில் காட்டுங்கள். வயரிங் முடிந்த அன்று ஒரு டெஸ்ட் ஷீட்: ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் (தொடராக இணைத்த பனல் வரிசையின்) ஓப்பன் சேர்க்கிட் வோல்ற்றேஜ், இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ், எர்த் ரீடிங், இன்வேர்ட்டர் சீரியல் நம்பர். கொம்பனி எஞ்சினியர் அதே இடத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். 'டெஸ்ட் ஷீட் ஒப்பமிட்டு 14 நாளுக்குள் பணம்' என்று ஒரு வசனம் போட்டால் போதும். கூப்பிட்டும் எஞ்சினியர் ஏழு நாளுக்குள் வராவிட்டால் ஒப்பமிட்டதாகவே கொள்ளப்படும் என்பதையும் சேருங்கள், இல்லையென்றால் அவர் வராமலே இழுத்தடிப்பார்.

ஓடும்_தகடும்

கூரை விஷயத்தில் 'எந்தச் சேதம் வந்தாலும்' என்பதற்கு ஒத்துக்கொள்ளவே வேண்டாம். கொழும்பில் பாதி வீடு பழைய அஸ்பெஸ்டோஸ் சீட். இருபது வருட வெயிலும் மழையும் பட்ட சீட்டில் மரம் இல்லாத இடத்தில் கால் வைத்தால் மொறுக்கென்று போகும், அதுவும் 550 வாட் பனல் ஒன்று கிட்டத்தட்ட 28 கிலோ, அதை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அதன் மேல் நடக்க வேண்டும். ஏறுவதற்கு முன்பே வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூரை முழுக்க வீடியோ எடுங்கள், உள்பக்க சீலிங்கில் பழைய நீர்க்கறை இருந்தால் அதையும் விடாதீர்கள். மழை பிடித்ததும் வரும் முதல் கோல் அந்தக் கறையைப் பற்றித்தான். நீங்கள் துளைத்த துளை வழியாக ஒழுகினால் உங்கள் பொறுப்பு, அது நியாயம். துளையில்லாத இடத்து ஒழுக்குக்கும், ஏற்கெனவே வெடித்திருந்த சீட்டுக்கும் நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. நடப்பதற்குப் பலகை யார் கொண்டுவருவது, உடைந்த சீட்டுக்குப் பதில் சீட் யார் வாங்குவது என்பதையும் எழுதுங்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் சண்டை வருவதெல்லாம் இதில்தான்.

ஐந்து வருட உத்தரவாதமும் அப்படித்தான். சாமான் அவர்களுடையது என்றால் சாமான் பழுதும் அவர்களுடையது. பனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பாருங்கள். பனலோடு வருவது ஒரு பிராண்ட், புறக்கோட்டையில் மலிவாக வாங்கித் தருவது இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கிளிக் என்று போய் உட்காரும், ஆனால் உள்ளே தொடுகை சரியாக இராது, சூடேறி உருகும், நெருப்பும் பிடிக்கும். அப்போது 'கிரிம்ப் சரியில்லை', அதாவது கேபிள் நுனியில் கனெக்டரை நசுக்கிப் பூட்டியது சரியில்லை என்று விரல் உங்கள் பக்கம்தான் நீளும். ஒரே பிராண்ட் தராவிட்டால் அதை வட்ஸ்அப்பிலாவது எழுதிக் கேட்டுவிட்டுத்தான் பூட்டுங்கள்.

கொம்பனிப்_பக்கம்

நான் மற்றப் பக்கத்தில் இருப்பவன், திட்டினாலும் பரவாயில்லை. கொம்பனி வேண்டுமென்றே இழுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். வாடிக்கையாளர் மீற்றர் ஓடத் தொடங்கும் வரை எங்களுக்குக் கடைசிக் காசு தருவதில்லை, அதே நேரம் பனல் கொண்டுவந்தவருக்கு நாங்கள் காசு கட்டியாகிவிட்டது. அதனால்தான் அந்த 30 வீதம். முழுவதையும் டெஸ்ட் அன்றே கேட்டால் சின்னக் கொம்பனியால் முடியாது. 10 வீதத்தை மட்டும் ரிட்டென்ஷனாக (பிடித்து வைத்துப் பிறகு தரும் காசாக) விட்டுவிட்டு, 'மீற்றர் பூட்டிய நாள், அல்லது டெஸ்டிலிருந்து 60 நாள், எது முந்துகிறதோ அது' என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். திகதி இல்லாத ரிட்டென்ஷனுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், அது திரும்பி வராது.

இன்னொன்று, பின்னாளில் வரும் கோல்கள். மத்தியானம் வெயில் உச்சியில் லைன் வோல்ற்றேஜ் ஏறி இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும். இங்கே 230 வோல்ற், மேலும் கீழும் 6 வீதம்தான் அனுமதி. லைன் அதைத் தாண்டி இன்வேர்ட்டரின் எல்லைக்குப் போனால் இன்வேர்ட்டர் நிற்கத்தான் வேண்டும், அது உங்கள் வேலைக் குறை இல்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது, அப்போதும் 'யூனிட் குறைந்துவிட்டது' என்று வந்த கோல் கொஞ்சமில்லை. இப்படிப்பட்டவற்றுக்குப் போனால் வருகைக் கட்டணம் உண்டு என்று ஒரு வரி போடுங்கள்.

கணக்குப்புத்தகம்

எல்லோரும் காசைப் பற்றியே பேசுகிறீர்கள், கூரையிலிருந்து ஒருவர் விழுந்தால்? தாளில் 'சப் கொன்ட்ராக்டர்' என்று எழுதியதால் அந்த நாலு பேரும் கொம்பனி ஆட்களாகிவிட மாட்டார்கள், நீங்கள்தான் அவர்களின் முதலாளி. நாட்சம்பளம் என்றாலும் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) உண்டு: சம்பளத்தில் அவர்களிடமிருந்து 8, உங்களிடமிருந்து 12, ஈடிஎப்புக்கு (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு) உங்களிடமிருந்து இன்னும் 3 வீதம். கிலோவாட் ரேட்டில் உங்கள் பங்கான இந்த 15 வீதம் உள்ளடங்கியிருக்கிறதா? ரேட்டில் குறையில்லை என்று சொல்வதற்கு முன் அதைக் கணக்குப் போடுங்கள்.

காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. காயப்பட்டவர் கொம்பனியிடமும் கேட்கலாம், கொம்பனி கட்டினால் பிறகு அதை உங்களிடமிருந்து அறவிடப் பார்க்கும். அதனால் காப்புறுதி எடுங்கள், பிரீமியத்தை யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே பேசி முடியுங்கள். பாதுகாப்பு பெல்ட், கயிறு யாருடையது என்பதையும்தான்.

எழுத்தில் வைப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. எழுதிய ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட ஆறு வருடம், வாய்ப்பேச்சு என்றால் மூன்றுதான். அவ்வளவு தூரம் போகவேண்டி வராது என்று நினைக்கிறேன், ஆனாலும் ஒப்பந்தத் தாளை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவது பெரிய செலவில்லை.

தெஹிவளை_வயரிங்

எல்லோருக்கும் நன்றி. மனேஜரிடம் இன்று பேசினேன். டெஸ்ட் ஷீட்டுக்கு உடனே சரி என்றார். 10 வீதம், 60 நாள் என்பதற்கு 'டிரெக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்கிறார். காப்புறுதியைக் கேட்டதும் கொஞ்சம் முகம் மாறிவிட்டது. உத்தரவாதத்தை இரண்டு வருடமாகக் குறைக்கச் சம்மதம், ஆனால் முதல் மூன்று வீட்டை இந்தப் பழைய தாளிலேயே செய்து கொடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். செய்யலாமா?

கூரைமேல்_கொழும்பு6

வேண்டாம். முதல் மூன்று வீடு முடியும்போது அவர்கள் கையில் உங்கள் 30 வீதம் மூன்று தடவை இருக்கும், அப்புறம் எதைக் காட்டிப் பேசப் போகிறீர்கள்? ஒரு வீட்டுக்கு மட்டும் தனியாக ஒரு பக்கத்தில் வேலை ஓடர் எழுதி, அதில் டெஸ்ட் ஷீட் வரியைப் போட்டுக் கேளுங்கள். அதற்கும் மாட்டோம் என்றால் வேறு கொம்பனி பாருங்கள், கூரையில் ஏறத் தெரிந்த ஆள் இப்போது லேசில் கிடைப்பதில்லை.