நொய்டாவிலிருந்து நாகர்கோவிலுக்குக் காரிலேயே வந்துவிடலாமா?

வடசேரிப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். பிறந்தது வளர்ந்தது நாகர்கோவில் வடசேரி. கல்யாணமான பிறகு நொய்டா. இப்போது அவருக்கு வீட்டிலிருந்தே வேலை என்று உறுதியாகிவிட்டதால், மே மாதம் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று இருக்கிறோம். மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிப்பதுதான் எழுத்துக் கூட்டி. உ.பி. பதிவில் எட்டு வருட டீசல் கார் ஒன்று, ஒரு ஸ்கூட்டர், ஒரு நாய். அம்மா வீட்டில் தம்பி குடும்பம் இருக்கிறது, அதனால் வாடகைக்கோ ஒத்திக்கோ வீடு பார்க்க வேண்டும்.

காரை லாரியில் ஏற்றிவிட்டு நாங்கள் ரயிலில் வருவதா, ஓட்டியே வருவதா? "அங்கேயே வித்துட்டு இங்க வந்து வேற வாங்கு" என்கிறான் தம்பி. அப்புறம், நாகர்கோவிலிலேயே இருப்பதா, மார்த்தாண்டம் பக்கம் போவதா? அவர் அடிக்கடி விமானம் பிடித்து டெல்லி போய்வர வேண்டியிருக்கும்.

திருவட்டார் எக்ஸ்சர்வீஸ்:

ஓட்டியே வாங்க தங்கச்சி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று குவாலியரிலிருந்து நான் குடும்பத்தோடு அப்படித்தான் வந்தேன். நாய் இருக்கும்போது ரயிலை யோசிக்கவே வேண்டாம். ஸ்கூட்டரை மட்டும் ரயிலில் போடுங்கள். பெட்ரோலைச் சுத்தமாக வடித்து, சாக்கு சுற்றி, ஆர்.சி. நகலோடு பார்சல் ஆபீசில் கொடுத்தால் போதும். நிஜாமுதீனிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

வழி சுலபம். ஆக்ரா வரை யமுனா எக்ஸ்பிரஸ்வே, அதன்பிறகு குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை என்று 44ஆம் எண் நெடுஞ்சாலையை விடாமல் பிடித்து வரலாம். மொத்தம் சுமார் 2,800 கிலோமீட்டர். ஹைதராபாத்துக்குள் நுழையாதீர்கள், மேட்சல் பக்கம் வெளிவட்டச் சாலையில் ஏறி ஷம்ஷாபாத்தில் இறங்குங்கள். பெங்களூரை மட்டும் மாலையில் தொடவே கூடாது. அனந்தபுரத்திலோ சிக்கபல்லாபூரிலோ படுத்து, விடியுமுன் ஹெப்பாளைத் தாண்டி, காலைச் சாப்பாட்டை ஓசூரில் வைத்துக்கொள்ளுங்கள். சிவனிக்கும் நாக்பூருக்கும் நடுவில் பெஞ்ச் காடு வரும். அங்கே சாலையையே தூணில் தூக்கிக் கட்டி, அடியில் புலியும் மானும் கடக்க வழி விட்டிருக்கிறார்கள். மகளிடம் சொல்லிக் கூட்டி வாருங்கள்.

ஆனால் மே மாதம் வேண்டாம். நாக்பூரிலிருந்து ஆதிலாபாத் வரை 45 டிகிரி சாதாரணம். ஏ.சி. ஓடினாலும் பின்சீட்டில் நாய் நாக்கைத் தள்ளிவிடும், பழைய டயருக்கும் ஆபத்து. மகளுக்கு மார்ச்சில் பரீட்சை முடிந்ததும் கிளம்பினால் இந்தச் சூடு பாதிதான். சி.பி.எஸ்.இ. என்றால் ஏப்ரலிலேயே வகுப்பு தொடங்கிவிடும், அதற்கும் தோது.

தம்பி சொல்வது வேறு வண்டிக்குச் சரி, உங்கள் வண்டிக்குச் சரியில்லை. நொய்டாவும் சேர்ந்த டெல்லி தலைநகர் வட்டாரத்தில் பத்து வருடத்துக்கு மேலான டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதிலிருந்து, எட்டு வயது டீசலுக்கு அங்கே அடிமாட்டு விலைதான். இங்கே பதிவு மாற்றிவிட்டால் ஆர்.சி.யில் உள்ள பதினைந்து வருடத்தையும் நிம்மதியாக ஓட்டலாம்.

சாமான் விஷயத்தில் கறாராக இருங்கள். ஏர்கூலரை அங்கேயே கொடுத்துவிடுங்கள், நம்மூர் ஈரக்காற்றில் அது வெறும் ஃபேன். ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளும் வேண்டாம், இரண்டு மழைக்காலமும் பார்க்கிற ஊரில் பூஞ்சை பிடித்துவிடும். பிளைவுட் கட்டிலுக்கும் அதே கதி. கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் மாறுதல் சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

குலசேகரம் ரப்பர்:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. காவல்கிணறில் வலதுபக்கம் திரும்பி ஆரல்வாய்மொழி வழியாகத்தானே வருவீர்கள்? முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. கணவாய்க்குள் பக்கவாட்டில் அடிக்கிற காற்று ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். கூரையில் கேரியர் போட்டுச் சாமான் கட்டியிருந்தால் அங்கே வேகத்தைக் குறையுங்கள். ஜூன், ஜூலையில் வந்தால் இன்னும் மோசம்.

வீட்டு விஷயத்தில், விமானத்துக்கு மார்த்தாண்டம்தான் வசதி, திருவனந்தபுரம் பக்கம். ஆனால் மேற்கே வீடெல்லாம் விளைக்குள், அதாவது தோப்புக்குள், தள்ளித் தள்ளி இருக்கும். ரோட்டிலிருந்து இறங்குகிற ஒழுங்கை செங்குத்தாக, ஒரு வண்டி அகலத்தில், முடிவில் திருப்ப இடமில்லாமல் இருக்கும். புரோக்கர் பைக்கில் கூட்டிப் போய் வீட்டைக் காட்டுவார். நீங்கள் காரிலேயே போய்ப் பாருங்கள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். கடலோரம் வேண்டாம் என்பேன்: கிணற்று நீர் உப்பு, வண்டிக்கும் துரு.

வடசேரிப் பொண்ணு:

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். மார்ச் கடைசி என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பதிவு மாற்றத்துக்கு இங்கிருந்தே எதையெல்லாம் வாங்கி வர வேண்டும்? வண்டிக்கடன் போன வருடமே முடிந்துவிட்டது, ஆர்.சி.யில் வங்கி பெயர் இன்னும் இருக்கிறது.

திருவட்டார் எக்ஸ்சர்வீஸ்:

முதல் வேலை அதுதான். வங்கியில் கடன் தீர்ந்த கடிதமும் 35ஆம் படிவமும் வாங்கி, ஆர்.சி.யில் வங்கி பெயரை எடுத்துவிடுங்கள். பிறகு நொய்டா ஆர்.டி.ஓ.வில் 28ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று கேளுங்கள். சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாளும் வேண்டும். சான்றில் எந்த ஆர்.டி.ஓ.வுக்கு என்று எழுத வேண்டியிருக்கும். நாகர்கோவில் டிஎன் 74, மார்த்தாண்டம் டிஎன் 75, அதனால் வீட்டை முதலில் முடிவு செய்யுங்கள். வெளிமாநில எண்ணோடு இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய எண் கட்டாயம். இங்கே வண்டியின் வயதைப் பார்த்து ஆயுள்வரி போடுவார்கள். அங்கே கட்டியதில் மீதியைத் திருப்பிக் கேட்கலாம், நடைதான் அதிகம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் முகவரி மாற்றம் சொல்லிவிடுங்கள்.

குலசேகரம் ரப்பர்:

பாப்பாவின் தமிழுக்குக் கவலைப்படாதீர்கள் அக்கா. இங்கே பஸ் போர்டைப் படித்தே பிள்ளைகள் பிடித்துவிடும். பள்ளிக்கூடத்தில் மட்டும் சேர்க்கும்போதே தமிழ்ப் பாடத்தை எந்த மட்டத்தில் தொடங்குவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.