படகின் உடலில் விழும் அடிகள்: எங்கள் அனுபவங்கள்

நாகப்பட்டினத்திலிருந்து:

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் கட்டுமரங்கள் இருந்த இடத்தில் பெரும்பாலும் ஃபைபர் படகுகளே வந்து நின்றன. மரத்தில் அடிபட்டால் பார்த்ததுமே தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் ஃபைபரையும் பார்த்ததால் எங்கள் படகையே இழந்திருப்போம்.

ஒரு கார்த்திகை மாதக் காற்றில் முகத்துவாரத்துக் கல்லில் படகின் முன்பகுதியான அணியத்தின் பக்கவாட்டுப் பகுதி மோதியது. உள்ளங்கை அகலத்துக்குச் சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன, அவ்வளவுதான். பெயின்ட் அடித்துவிட்டுத் தொழிலுக்குப் போய்வந்தோம். மூன்று மாதத்தில் அந்த இடம் உப்பியது. படகு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ‘ணங்’கென்று கேட்டுக்கொண்டிருந்த ஓசை, கோடுகளுக்கு இரண்டு சாண் முன்பே ‘பொத்’தென்று மாறியது. அரைத்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடி இழை விரிப்பான மேட் அடுக்குகள் பிரிந்து, உப்புநீர் ஊறிக் கிடந்தது. மேலே பூச்சாக இருக்கும் ஜெல்கோட் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட வராது. அது வெடித்துவிட்டால் கண்ணாடி இழைகளின் வழியே தண்ணீர் மெல்ல உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும்.

நல்ல தண்ணீரில் கழுவி, பல நாள் வெயிலில் காயவிட்டு, பழுதான இடத்தைச் சுற்றிலும் சாய்வாக அரைத்து, அசிட்டோனால் துடைத்த பிறகே அவர் மேட்டை ஒட்டும் பசையான ரெசினைக் கையில் எடுத்தார். ஈரத்தின் மேல் ஒட்டிய மேட் எத்தனை அடுக்கு போட்டாலும் உரிந்து வந்துவிடும் என்பதால், அவசரப்படுத்திய எங்களை அவர் பொருட்படுத்தவே இல்லை.

ராமேசுவரத்திலிருந்து:

நாகப்பட்டினத்து அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் விசைப்படகின் நினைவு வந்தது. எங்களுடையது மரப்படகு, நங்கூரமிட்டு நிற்கையில் காற்று திசை மாறினால் பக்கத்துப் படகோடு இரவெல்லாம் உரசும். பழைய டயர்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தும் பலகையில் நீள நீளமாகக் கீறல்கள் விழுந்துகொண்டே இருந்தன. ஒருநாள் கையால் தடவிப் பார்த்தபோதுதான், ரப்பர் தேய்ந்த ரேடியல் டயரிலிருந்து இரும்புக் கம்பி துருத்திக்கொண்டு நிற்பது உள்ளங்கையில் குத்தியது. காப்பதற்காகக் கட்டியதே அரம்போல் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. கம்பி தெரியும் டயர்களை அன்றே கழற்றினோம். மீன் ஏறிப் படகு தாழும்போது உரசும் இடமும் மாறுவதால், கயிற்றின் நீளத்தை இப்போது இரண்டு நிலைக்கும் பார்த்துக் கட்டுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றி, படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவையும் பலகை இணைப்புகளையும் முழுமையாகப் பார்த்துவிடுகிறோம்.

நாகப்பட்டினத்திலிருந்து மீண்டும்:

தம்பி ஏராவைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் படகை டிராக்டர் கட்டி மணலில் இழுத்தே கரையேற்றுகிறோம். கல்லைவிட இந்த மணல்தான் நாள்தோறும் ஏராவைத் தின்கிறது. அதன் அடியில் கூடுதலாக இரண்டு அடுக்கு மேட் போட்டிருக்கிறோம். இழுக்கும் வழியில் உருளைக் கட்டைகளையும் போடுகிறோம். வாரம் ஒருமுறை, வலை காயும் நேரத்தில், என் மகன் ஸ்க்ரூடிரைவரோடு படகைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருகிறான். ஓசை மாறும் இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வைக்கிறான்.