கூப்பன் சேர்த்துப் பயன்படுத்தினால் மளிகைச் செலவு நிஜமாகவே குறையுமா?

எடிசன்_புதுசு:
நியூ ஜெர்சிக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. நான் ஹெச்4 விசா (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருவது), வீட்டுக்காரர் சம்பளம் மட்டும்தான், மளிகைக்கே மாதம் 700 டாலர் பக்கம் போய்விடுகிறது. போன வாரம் கடையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒரு கவர் நிறைய கூப்பன், அதாவது விலையில் கழித்துக்கொள்ளும் தள்ளுபடிச் சீட்டு, எடுத்து நீட்ட, 92 டாலர் பில் மளமளவென்று இறங்கி 51-இல் நின்றது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். சரி, நாமும் பார்ப்போம் என்று ஒரு டூத்பேஸ்ட் கூப்பனோடு மே 20-ஆம் தேதி போனால் செல்லாதாம். கடைசித் தேதி 05/06 என்று இருந்ததை ஜூன் 5 என்று படித்துவிட்டேன்! பின்னால் வரிசை வேறு, மானமே போச்சு. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஜெர்சி_அக்கா:
தேதியில் வழுக்கி விழாத நம் ஆள் யாரும் கிடையாது, இங்கே மாதம்தான் முதலில் வரும் :) பேப்பர் கூப்பனை இப்போதைக்கு விடுங்கள். வழக்கமாகப் போகும் கடையின் ஆப்பில் போன் நம்பரைப் பதிந்து, வீட்டிலேயே வேண்டிய கூப்பனை "கிளிப்" பண்ணிவிட்டு (ஆப்பில் தொட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டு) கிளம்புங்கள், கவுன்டரில் அந்த நம்பரைத் தட்டினால் தானாகக் கழியும். கிளிப் பண்ண மறந்தால் கழியாது, பில் போட்ட பிறகு புலம்பிப் பயனில்லை. அப்புறம், பொருளைத் தயாரிக்கிற கம்பெனி தரும் மேனுஃபேக்சரர் கூப்பன் வேறு, கடை தருவது வேறு. ஒரு பொருளுக்கு ஒரே ஒரு மேனுஃபேக்சரர் கூப்பன்தான், ஆனால் அதன் மேல் கடைக் கூப்பனையும் சேர்த்துப் போடப் பல கடைகளில் விடுவார்கள். அந்தப் பொருள் தள்ளுபடியில் இருக்கிற வாரமாகவும் அமைந்தால்தான் அந்த அம்மா மாதிரி பில் இறங்கும். சின்னவளுக்கு டயப்பர் முழுக்க இப்படித்தான் வாங்கினேன்.

டாலஸ்_கணக்கன்:
அக்கா சொன்னது சரி, ஆனால் ஆசையில் குதிக்காதீர்கள். துவரம்பருப்பு, பொன்னி அரிசி, கத்திரிக்காய்க்கு எவன் கூப்பன் தருகிறான்? சோப்பு, டிடர்ஜென்ட், ஷாம்பு, சீரியல் (பாலில் போட்டுச் சாப்பிடும் காலை உணவு), டப்பாவில் வருகிற ஐட்டங்களுக்குத்தான் வரும். ஷெல்ஃப் சீட்டில் விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அவுன்ஸுக்கு எவ்வளவு என்று இருக்கும், அதைப் பாருங்கள். 18 அவுன்ஸ் சீரியல் 4.99, இரண்டு வாங்கினால் 1 டாலர் கூப்பன் என்றால் அவுன்ஸ் 25 சென்ட் ஆகிறது. பக்கத்திலேயே கடையின் சொந்த பிராண்ட் அதே அளவு 2.99, அவுன்ஸ் 17 சென்ட்கூட இல்லை. கூப்பனைப் போட்டும் நஷ்டம்! எங்கள் ஊர் ஹெச்-ஈ-பி சூப்பர் மார்க்கெட்டில் ஷெல்ஃபிலேயே மஞ்சள் கூப்பன் தொங்கும், முதல் ஆறு மாதம் பார்த்ததையெல்லாம் கிழித்து எடுத்து, யாரும் தொடாத சாலட் டிரெஸ்ஸிங் ஒன்பது பாட்டில் சேர்த்தேன். இட்லிக்கா தொட்டுக்கொள்வது?

எடிசன்_புதுசு:
ஒன்பதா!! சிரித்துவிட்டேன். பருப்பு, அரிசியெல்லாம் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில்தான் வாங்குகிறேன், அப்படியானால் அது அப்படியே இருக்கட்டும். டிடர்ஜென்ட் கூப்பன் ஒன்று ஆப்பில் இருக்கிறது, சின்ன பாட்டிலுக்கும் செல்லுமா?

ஜெர்சி_அக்கா:
அதைத் தொட்டால் கீழே விவரம் விரியும், எந்த அளவு என்று அதிலேயே இருக்கும், டிராவல் சைஸுக்குப் பெரும்பாலும் கிடையாது. இன்னொன்று, நியூ ஜெர்சியில் டிடர்ஜென்டுக்கு வரி உண்டு, மேனுஃபேக்சரர் கூப்பன் போட்டாலும் வரி முழு விலைக்குத்தான் போடுவார்கள். பில்லில் சில சென்ட் கூட வந்தால் கவுன்டரில் சண்டைக்குப் போய்விடாதீர்கள், நான் போயிருக்கிறேன்.