வெள்ளாட்டுக் குட்டிக்குப் பின்னங்கால் தள்ளாடுகிறதா? நுண்தாது (தாமிரம், செலினியம் போல மிகச் சிறிதளவே தேவைப்படும் தாது) பற்றிப் பலரின் பகிர்வுகள்

பிறந்தபோது நன்றாக இருந்த குட்டி, சில வாரம் கழித்துப் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்ன நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தாமிரக் குறைவை. காய்ச்சல் இருக்காது, பாலும் குடிக்கும். ஓடவிட்டால்தான் இடுப்பு ஒரு பக்கம் சாய்வது தெரியும். தண்டுவட நரம்பின் உறை சரியாக உருவாகாமல் போன சேதம் இது, திரும்பச் சரியாகாது. தாமிரம் கொடுத்தால் மேலும் மோசமாகாமல் பார்க்கலாம், அவ்வளவுதான். கோளாறு தாயின் சினைக்காலத்தில் தொடங்கிவிடுவதால், அடுத்த ஈற்றைக் காப்பாற்றச் சினை ஆட்டின் தீவனத்தைத்தான் திருத்த வேண்டும். தாயின் கறுப்பு ரோமம் செம்பழுப்பாக வெளுத்திருந்தால், வால் நுனி முடி கொட்டி இரண்டாகப் பிளந்து நின்றால், அப்போதே விழித்துக்கொள்ளுங்கள்.

—

அதோடு தண்ணீரையும் பரிசோதியுங்கள். தீவனத்தில் தாமிரம் போதுமான அளவு இருந்தும் குறைவு வரும். மாலிப்டினம் என்ற தாதுவும் கந்தகமும் சேர்ந்து முன்வயிற்றில் (அசைபோடும் பெரிய இரைப்பையில்) தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரும் அதை உடம்பில் சேரவிடாது.

கால் விறைத்து, தொடைச் சதை கெட்டியாகி, தொட்டால் வலியில் கத்தினால் அது வேறு: செலினியம், வைட்டமின் ஈ குறைவு. மருத்துவர் ஊசி சீக்கிரம் போட்டால் பல குட்டிகள் தேறும். தள்ளாட்டமா விறைப்பா என்று பிரித்துப் பார்த்துச் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி வேலை முடியும்.

—

அண்ணா, தாமிரத்தைத் தீவனத்தில் கலக்கும் கணக்கையும் சேர்த்துவிடுகிறேன். மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) கால் பங்குதான் தாமிரம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் தாமிரம் சேர்க்க, 100 கிலோ அடர்தீவனத்துக்கு (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) 4 கிராம் மயில்துத்தம் போதும். வாங்கிய தாது உப்புக் கலவையில் ஏற்கெனவே தாமிரம் இருந்தால் இதைத் தொடவே கூடாது. 4 கிராமை நேராக மூட்டையில் கொட்டினால் ஒரு குட்டிக்கு விஷம், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை. நன்றாகப் பொடித்து முதலில் 1 கிலோ தவிட்டில், பிறகு அதை 10 கிலோவில், கடைசியில் மொத்தத்தில் கலக்குங்கள்.

செலினியத்தை இப்படி வீட்டில் முயலவே வேண்டாம். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்றால் 100 கிலோவுக்கு வெறும் 20 மில்லிகிராம். எந்தக் கடைத் தராசும் அதை நிறுக்காது. தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளியும் குறுகல். தயார் கலவையே பாதுகாப்பு.

—

செம்மறியும் வெள்ளாடும் ஒரே தொட்டியில் தின்றால் தாமிரம் சேர்த்த கலவையை அங்கே வைக்காதீர்கள். வெள்ளாடு தாங்கும் அளவு செம்மறியின் ஈரலில் சேர்ந்து ஒரு நாள் திடீரென்று கொன்றுவிடும். செம்மறிக்கென்று விற்கும் தாமிரமில்லாத கலவையை மட்டும் தின்னும் வெள்ளாட்டுக் குட்டிக்கோ குறைவு வரும்.

கழுத்து வீக்கம் எல்லாம் அயோடின் குறைவு அல்ல. பால் நன்றாகக் குடிக்கும் கொழுத்த குட்டிக்குத் தொண்டையில் மெத்தென்று இருந்தால் அது தைமஸ் (நோய் எதிர்ப்புச் சுரப்பி), வளர வளர வற்றும். முடியில்லாமல், சோர்ந்து, மூச்சுக்குழலின் இருபுறமும் வீங்கிப் பிறந்தால்தான் அயோடினை நினைக்க வேண்டும். தாடைக்குக் கீழே நீர் கோத்து, கண் இமை உள்பக்கம் வெளுத்திருந்தால் குடற்புழுவைப் பாருங்கள்.

—

கோபால்ட் பற்றி ஒரு வரி: அதை வைட்டமின் பி12 ஆக்குவது முன்வயிற்று நுண்ணுயிர்கள். பால் மட்டும் குடிக்கும் குட்டிக்கு முன்வயிறு இன்னும் வளர்ந்திருக்காது என்பதால் கோபால்ட் கொடுத்துப் பயனில்லை, பி12 ஊசிதான்.

நக்குவதற்கு வைக்கும் கெட்டியான தாது உப்புக்கட்டியை நம்ப வேண்டாம். குட்டியின் சின்ன நாக்குக்கு அதிலிருந்து போதிய அளவு கிடைக்காது. தாது உப்புத் தூள் கலவையைத் தாய் நுழைய முடியாத தடுப்புக்குள், நனையாத இடத்தில், குட்டித் தீவனத்தோடு கலந்தே வையுங்கள்.