கோத்தகிரியில் பழைய நீதிமன்றப் படங்கள்: உதவி வேண்டும்

வணக்கம். கோத்தகிரியில் எங்கள் வாசகர் வட்டம் மழைக்காலச் சனிக்கிழமைகளில் பழைய நீதிமன்றப் படங்களைத் திரையிடப் போகிறது. வருபவர்கள் பெரும்பாலும் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், கூடவே கல்லூரிப் பிள்ளைகள்.

‘பராசக்தி’ (1952), ‘கௌரவம்’ (1973), ‘விதி’ (1984) மூன்றும் முடிவாகிவிட்டன. ‘விதி’ பெரியவர்களின் விருப்பம். அதன் வசனத்தை கேசட்டில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். சண்டையும் துரத்தலும் இல்லாமல், ஒரு கூண்டும் நான்கு கேள்விகளும் ஆளை அசையவிடாமல் உட்கார வைக்கின்றனவே, அதுதான் எனக்குப் பெரிய ஈர்ப்பு.

அடுத்து அமெரிக்கப் படமான ‘12 ஆங்ரி மென்’ (1957). ஒரு கொலை வழக்கில் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டிய ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுக்கப்பட்ட பன்னிரண்டு பேர், பேசுவதுதான் கதை. கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறையில்தான். கொலை நடந்த கத்தி மாதிரி வேறு கிடைக்காது என்று மற்றவர்கள் அடித்துப் பேசும்போது, அவர்களில் ஒருவராக வரும் ஹென்றி ஃபோண்டா அதே மாதிரி இன்னொன்றைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேசையில் குத்துவார். அந்த நேரத்தில் எங்கள் ஆட்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இதற்குத் தமிழ் சப்டைட்டில் யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால் மொழிபெயர்க்கக் கைகொடுப்பீர்களா? அப்புறம், நம் நாட்டில் இப்போது ஜூரி முறை இல்லை. 1959-இல் கடற்படை அதிகாரி நானாவதி செய்த கொலையையும் அந்த வழக்கில் ஜூரி சொன்ன தீர்ப்பு தள்ளப்பட்டதையும் சொல்லி, படத்துக்கு முன் கொஞ்ச நேரம் விளக்க, ஊட்டி, குன்னூர் பக்கம் வழக்கறிஞர் யாராவது வந்தால் ரொம்ப நல்லது. மழையில் கரண்ட் அடிக்கடி போகும். இன்வெர்ட்டரில் ஓடக்கூடிய சின்ன புரொஜெக்டர் இரவல் கிடைத்தாலும் சொல்லுங்கள்.