வேலூர் கோட்டையில் ஒரு மழை நாள்: புதுப்பிப்பு

நாகப்பட்டினத்திலிருந்து சித்தப்பா வருகிறார், மழை விடாது போலிருக்கிறது, வேலூரில் கூரைக்கடியில் எதைக் காட்டலாம் என்று கேட்டிருந்தேன். பலரும் கோட்டை அருங்காட்சியகம் என்றீர்கள். சனிக்கிழமை போய்வந்தோம். வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்று எச்சரித்தவருக்கு நன்றி.

துறைமுக ஊர்க்காரருக்கு இங்கே என்ன பிடிக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்தியதாகக் காட்டப்படும் தந்தச் சதுரங்கப் பலகையின் முன்னால் அவர் நகரவே இல்லை. 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டுக் கடல் கடந்து இங்கே சிறைவந்த மன்னர், 1832இல் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. சமாதி பாலாற்றங்கரை முத்துமண்டபத்தில் இருக்கிறது என்றதும் அப்போதே ஆட்டோ பிடிக்கச் சொன்னார்! மழையில் அது நடக்கவில்லை.

நடுகற்களை நான் ரசித்தேன், அவர் கொட்டாவி விட்டார். தொல்லியல் துறையின் இன்னொரு காட்சியகத்தைச் சுருக்கமாக முடித்தோம்.

மழை வலுத்தபோது ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் ஒதுங்கினோம். யாளித் தூண்களை நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல சாக்கு கிடையாது. 1806 ஜூலை 10 அன்று இதே கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிக் கேட்டார்; ஆங்கிலேயர் சிப்பாய்கள்மேல் திணித்த புதிய தலைப்பாகையும், திருநீறு, தாடிக்கு விதித்த தடையும்தான் பொறி என்று சொல்லி முடிப்பதற்குள் மழை விட்டிருந்தது.

குடையைவிட வழுக்காத செருப்பு முக்கியம். முத்துமண்டபம் எத்தனை மணிவரை திறந்திருக்கும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.