பெருந்திட்டங்களுக்குக் கிடைக்கும் பணம் தெருக்கால்வாய்க்கு ஏன் கிடைப்பதில்லை?

தண்ணீர்மலையான்:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் நீண்ட காலமாக வாழ்ந்து, வரிகளைத் தவறாமல் செலுத்திவருபவன் என்ற முறையில், இங்குள்ள விவரமறிந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். எங்கள் குடியிருப்பின் பின்சந்துக் கால்வாயில் பக்கச்சுவர் சரிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சரிந்த இடத்தில் மண்ணும் குப்பையும் அடைத்துக்கொள்வதால், பிற்பகல் மழை சற்று வலுத்தாலே அழுக்கு நீர் சமையலறை வாசல்வரை ஏறிவிடுகிறது. நடைபாதையில் கான்கிரீட் மூடிகள் உடைந்து கிடப்பதால், வயதானவர்கள் சாலையில் இறங்கி மோட்டார்சைக்கிள்களுக்கு இடையே நடக்கிறார்கள். ஊராட்சி மன்றத்திடம் புகார் கொடுத்தால் புகார் எண் வருகிறது. ஒருவர் வந்து படம் எடுத்துச் செல்கிறார். ஒதுக்கீடு கிடைத்ததும் பழுதுபார்க்கப்படும் என்று கடிதம் வருகிறது. அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை.

இதே மாநிலத்தில்தான் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமுள்ள முத்தியாரா எல்.ஆர்.டி. (இலகு ரயில்) வழித்தடத்தை மத்திய அரசாங்கம் 2024 மார்ச்சில் தன் பொறுப்பில் ஏற்றது. 2025 ஜனவரியில் அதன் பணித்தொடக்க விழாவும் நடந்தது. தீவின் தெற்கே கடலைத் தூர்த்துச் சிலிக்கான் தீவு உருவாகிவருகிறது. மலேசியாவின் 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் அளவு 42,100 கோடி ரிங்கிட்.

2024-இன் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஜனவரி 10 முதல் 14 வரை, சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்றுவதற்காக ஐந்து மாவட்டங்களிலும் நீர் விநியோகம் தடைப்பட்டது. பொங்கலுக்கு வீடு கழுவ வேண்டிய நாட்களில், வாளியில் பிடித்து வைத்த நீரை அளந்து செலவழித்தோம். பிப்ரவரி 1 முதல் தீபகற்பத்தில் வீட்டு நீர்க்கட்டணம் கன மீட்டருக்குச் சராசரியாக 22 சென் உயர்ந்தது. மார்ச் 1 முதல் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடு ஆனது. கட்ட வேண்டியது எல்லாம் உரிய நாளில் வந்து சேரும்போது, கிடைக்க வேண்டியது மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்? பெரிய திட்டங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கால்வாய்ச் சுவரை எடுத்துக் கட்டுவதற்குத் தடையாக இருப்பது எது, அதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதே என் கேள்வி.

வடிகால் பொறியாளர்:

ஐயா, வணக்கம். வடிகால் வடிவமைப்பிலும் சாலைப் பராமரிப்பு ஒப்பந்தங்களிலும் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் சொன்ன பணம் எல்லாம் ஒரே கருவூலத்தில் இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வருமான வரியும் சேவை வரியும் மத்திய அரசாங்கத்துக்குப் போகின்றன. நிலவரி மாநில அரசாங்கத்துக்குப் போகிறது. வீட்டின் மதிப்பை வைத்து ஆண்டுக்கு இரு முறை நீங்கள் செலுத்தும் மதிப்பீட்டு வரிதான் ஊராட்சி மன்றத்தின் முதன்மையான வருமானம். குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, பூங்கா, சந்தை, பின்சந்துக் கால்வாய் ஆகியவை எல்லாம் பெரும்பாலும் அந்த வருமானத்தைச் சார்ந்தே நடக்கின்றன. எல்.ஆர்.டி. திட்டம் நாளையே கைவிடப்பட்டாலும், அந்தப் பணத்தில் ஒரு சென்கூடத் தானாக உங்கள் கால்வாய்க்கு வந்து சேராது.

சாலைகளுக்கு மட்டும் ஒரு தனி வழி இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 109-ஆவது பிரிவின்படி, மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்காக மத்திய அரசாங்கம் ஆண்டுதோறும் மானியம் தர வேண்டும். சாலையின் நீளத்தையும் பராமரிப்புச் செலவையும் பெருக்கி அந்தத் தொகை கணக்கிடப்படுகிறது. எந்தச் சாலைக்கு மானியம் உண்டு என்பதை மாரிஸ் என்ற சாலைப் பதிவேடு தீர்மானிக்கிறது. அதில் ஏறாத சாலைக்குப் பணம் வராது. வீடமைப்பு நிறுவனம் முறைப்படி ஒப்படைக்காமல் விட்டுப்போன சாலைகளும், தனியார் நிலத்தில் கிடக்கும் பழைய தோட்டப் பாதைகளும் இப்படித்தான் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு அங்கேயே தங்கிவிட்ட நம் மக்களில் பலர் இந்தப் பாதைகளில்தான் வாழ்கிறார்கள் என்பதால், இதை அழுத்திச் சொல்கிறேன்.

கால்வாய்க்கு வருகிறேன். பெரிய ஆறுகளும் முதன்மை வடிகால்களும் வடிகால், நீர்ப்பாசனத் துறையைச் சேர்ந்தவை. கூட்டரசுச் சாலையை, அதாவது மத்திய அரசாங்கத்தின் சாலையை, ஒட்டிய கால்வாய் பொதுப்பணித் துறையுடையது. குடியிருப்புக்குள் இருப்பது ஊராட்சி மன்றத்துடையது. மழைநீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. உங்கள் கால்வாயைச் சுத்தமாகத் தூர்வாரினாலும், அது போய்ச் சேரும் வடிகாலில் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் நீர் உங்கள் பக்கமே திரும்பும். கடற்கரையோர ஊர்களில் கடல் ஓதம் உயரும் நேரமும் மழையும் சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிய குடியிருப்புகள் மழைநீரைத் தங்கள் எல்லைக்குள்ளேயே தேக்கி மெல்ல விட வேண்டும் என்ற, மழைநீர் மேலாண்மைக்கான மஸ்மா கையேட்டு விதிமுறை 2001 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கட்டப்பட்ட குடியிருப்புகளின் கால்வாய்கள், சுற்றிலும் வயலும் ரப்பர் மரமும் இருந்த காலத்து மழைநீருக்கு ஏற்ற அளவில் வெட்டப்பட்டவை. மேட்டுப் பகுதி முழுவதும் தார்ச்சாலையும் வாகன நிறுத்துமிடமும் ஆன பிறகு, அதே கால்வாய்க்கு வரும் நீர் பன்மடங்கு கூடிவிட்டது. சுவரைப் பழையபடி எடுத்துக் கட்டினால் அது சில ஆண்டுகளில் மறுபடியும் சரியக்கூடும் என்பது வந்து படம் எடுக்கும் அதிகாரிக்கும் தெரியும். அகலப்படுத்த வேண்டுமானால் அது பராமரிப்பு என்ற கணக்கில் அடங்காமல் மேம்பாட்டுத் திட்டமாகிவிடும். அதற்கு மாநிலத்திடமோ மத்திய அரசாங்கத்திடமோ விண்ணப்பித்து வரிசையில் நிற்க வேண்டும். பராமரிக்கவும் முடியாமல் மாற்றிக் கட்டவும் முடியாமல் ஒரு சிறு கால்வாய் பல ஆண்டுகள் கிடப்பதற்கு, நான் பார்த்தவரை, இதுதான் பெரிய காரணம்.

செபராங் வாசி:

பொறியாளர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. எல்.ஆர்.டி. திட்டத்தைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். பினாங்குப் பாலம் 1985-இல் திறக்கப்பட்டது, இரண்டாவது பாலம் 2014-இல் வந்தது. இரண்டும் வந்த பிறகும் தீவுக்கு எதிரே உள்ள பெருநிலத்திலிருந்து தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருக்கிறது. பேருந்தை நம்பி வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு ரயில் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன். ஆகவே, பெரிய திட்டத்தையும் சிறிய பழுதையும் எதிரெதிரே நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. புதிதாகக் கட்டுவதற்கு வேண்டிய பணத்தைக் கடனாகத் திரட்ட முடிகிறது; கட்டியதைக் காப்பாற்றும் செலவு ஆண்டுதோறும் நடைமுறைச் செலவிலிருந்து வர வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் 33,500 கோடி ரிங்கிட் நடைமுறைச் செலவுக்கும் 8,600 கோடி மேம்பாட்டுக்கும் ஒதுக்கப்பட்டது. நடைமுறைச் செலவு பெரிதாகத் தெரிந்தாலும், சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி, உதவித்தொகை ஆகியவற்றுக்கே அதன் பெரும்பகுதி போய்விடுகிறது. பணம் குறையும்போது சம்பளத்தையும் வட்டியையும் தள்ளிப்போட முடியாது என்பதால், தள்ளிப்போட எளிதானது பழுதுபார்ப்புதான். வால்வு இன்னும் ஓராண்டு தாங்கும், மூடியை அடுத்த ஆண்டு மாற்றலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் முடிவெடுக்கப்படுகிறது.

நீர் விஷயத்தில் நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாநிலத்தின் நீரில் பெரும்பகுதி ஒரே ஆற்றிலிருந்து, அதாவது சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அதைச் சுத்திகரிப்பதில் பெரும்பங்கு ஒரே நிலையத்துடையது. அப்படிப்பட்ட இடத்தில் வால்வுகளை மாற்றுவதற்கு மாநிலம் முழுவதும் காய வேண்டியிருந்தது என்றால், மாற்று வழிக் குழாய்கள் போதவில்லை என்றுதான் பொருள். பல்லாண்டுகளாகக் கட்டணத்தை மிகக் குறைவாக வைத்திருப்பதில் பெருமைப்பட்டோம். அந்தக் குறைந்த கட்டணத்தில் பழைய குழாய்களை மாற்றும் செலவு அடங்கியிருந்ததா என்று நாம் கேட்கவில்லை. கட்டண உயர்வு எனக்கும் வலிக்கிறது. இருந்தாலும், கூடுதலாக வாங்கும் 22 சென்னில் எவ்வளவு குழாய் மாற்றப்பட்டது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுவார்களானால், அதைச் செலுத்த நான் தயங்க மாட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஊராட்சிக்கு உங்களைவிட வசதி அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். 2024 ஆகஸ்ட் 23 அன்று, நம்மவர்கள் புடவையும் பூவும் வாங்கப் போகும் மஸ்ஜித் இந்தியா சாலையில், நடைபாதை திடீரென உள்வாங்கியது. நடந்து சென்றுகொண்டிருந்த இந்தியச் சுற்றுப்பயணி ஒருவர் அந்தக் குழியில் விழுந்தார். ஒன்பது நாள் தேடலுக்குப் பிறகும் அவர் கிடைக்கவில்லை. அந்த நாட்களிலேயே, சற்றுத் தொலைவில் இன்னொரு குழியும் ஏற்பட்டது. 678.9 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்து நிற்கும் அதே நகரத்தில், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நடக்கிறோமே என்ற அச்சம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் பலர் வாழ்கிறார்கள், வேலை செய்கிறார்கள். அவர்களுக்காகப் பதிக்கப்பட்ட தொடுதரை ஓடுகள் பல இடங்களில் பெயர்ந்துவிட்டன. பெயராத இடங்களில் மோட்டார்சைக்கிள்கள் நிற்கின்றன. ஓடு பதிப்பதற்குப் பணம் ஒதுக்கினார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஓடு ஒருவரைப் பத்திரமாக ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்று பார்ப்பது எவருடைய கடமை என்பதுதான் எழுதப்படவில்லை.

பழைய ஆவணங்கள்:

யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு வரலாற்றில் ஒரு விடை இருக்கிறது. 1951 முதல் ஜார்ஜ்டவுன் மக்கள் தங்கள் நகர மன்ற உறுப்பினர்களை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1957-இல் அது மாநகரமானபோது அதன் முதல் மேயராக இருந்தவர் டி. எஸ். இராமநாதன். நீர், மின்சாரம், பேருந்து மூன்றையும் அந்த மன்றமே நடத்தியது. குழாயில் நீர் வராவிட்டால் அடுத்த தேர்தலில் கேட்பார்கள் என்ற அச்சம் உறுப்பினருக்கு இருந்தது. கோலாலம்பூரில் 1960-ஆம் ஆண்டுக் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் தேர்தலை அகற்றியது. மற்ற இடங்களில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் தேர்தல் நிறுத்திவைக்கப்பட்டது.

அதே ஆண்டு, செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. 1968-இல் அளிக்கப்பட்டு 1971-இல் வெளியான அதன் அறிக்கை, ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது. பினாங்கு மாநிலம் 2012-இல் தானாகவே ஒரு தேர்தல் சட்டம் இயற்றியும், 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே, இன்று உங்கள் மதிப்பீட்டு வரியைச் செலவிடும் மன்றத்தில் உங்கள் வாக்கால் வந்தவர் ஒருவரும் இல்லை. நம் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் தலைமையேற்று எழுதிய அறிக்கையை நாமே மறந்துவிட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தண்ணீர்மலையான்:

அனைவருக்கும் நன்றி. செபராங் வாசி அம்மா சொன்னதை ஏற்கிறேன். ரயிலை எதிர்ப்பது என் நோக்கமன்று. ஆனால் பொறுப்பு பல துறைகளிடம் பிரிந்திருக்கிறது என்ற விளக்கம், பொறுப்பில் இருப்பவர்களுக்கு எளிதான புகலிடமாகிவிடக் கூடாது. 2017 நவம்பர் வெள்ளத்தில் இம்மாநிலத்தில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அந்த நீர் எந்தத் துறையின் வடிகாலிலிருந்து வந்தது என்பது அவர்களுடைய குடும்பத்தாருக்கு ஆறுதல் தராது. தேர்தல் திரும்பி வரும்வரை நாங்கள் செய்யக்கூடியது என்ன என்பதைப் பொறியாளர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

வடிகால் பொறியாளர்:

பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 முதல் நடப்பில் இருக்கிறது. சிலாங்கூரிலும் அப்படி ஒரு சட்டம் உண்டு. தனிப் புகாராக எழுதாமல், குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் அச்சட்டத்தின்கீழ் விண்ணப்பம் கொடுங்கள். எங்கள் கால்வாயைச் சரிசெய்யுங்கள் என்று அதில் எழுத வேண்டாம். அந்தக் கால்வாய் எந்தத் துறையின் சொத்துப் பதிவில் இருக்கிறது, கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டது, அந்த ஆய்வறிக்கை பரிந்துரைத்தது என்ன, அகலப்படுத்த விண்ணப்பம் போயிருந்தால் அது எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். முன் வீதி மாரிஸ் பதிவேட்டில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஊராட்சிச் சட்டப்படி மன்றத்தின் முழுக் கூட்டங்கள், மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தாலொழிய, பொதுமக்களுக்குத் திறந்தவை. எழுத்துப்பூர்வமான பதில் கையில் வந்ததும் சிலர் சேர்ந்து அங்கே போய் உட்காருங்கள், உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் கொடுங்கள். மழை பெய்யும்போது நீர் எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறது என்பதை நேரத்துடன் காணொளியாக எடுத்து வைத்திருங்கள். மேலிருந்து வருகிறதா, கீழிருந்து திரும்புகிறதா என்பதைப் பொறுத்துத்தான் எந்தத் துறை வேலை செய்ய வேண்டும் என்பது முடிவாகும். விண்ணப்பத்தின் வரைவை இங்கே பதிவிட்டால் நான் திருத்தித் தருகிறேன்.